அந்த 104 ரன்னுக்காக, பாண்டிங்குக்கு

பாண்டிங்,

இன்று மார்ச் 24. 2011 உலகக் கோப்பையில், ஆஸ்திரேலியக் கேப்டனாக எங்கள் இந்தியாவுக்கு எதிராக நீங்கள் ஆடிய அகமதாபாத் காலிறுதி உங்களுக்கு மறந்திருக்காது. பல வருடமாகத் தள்ளிப்போட்ட கடிதத்தை இன்றைக்காவது எழுதிவிடுகிறேன்.

முதலில் ஸ்பிரிங் விஷயம். 2003 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் எங்களை நீங்கள் தோற்கடித்ததற்கு அப்புறம், உங்கள் பேட்டுக்குள் ஸ்பிரிங் இருந்தது என்று எங்கள் தெரு முழுக்கப் பேச்சு. அதை நம்பி இன்னும் பத்துப் பேரிடம் சொன்னவன் நான். மன்னித்துவிடுங்கள். ஆனால் பதிமூன்று வயதுப் பையன் வேறு என்னதான் செய்வான்? 140 ரன், எட்டு சிக்ஸர். நியாயமாகத் தோற்றோம் என்று ஒப்புக்கொள்ள மனசு இடம் கொடுக்கவில்லை.

2008 சிட்னி டெஸ்ட் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. என் நண்பர்களும் இதைப் படிப்பார்கள், நான் யார் பக்கம் என்று கேட்பார்கள். கேட்ச் விஷயத்தில் ஃபீல்டரின் வார்த்தையை ஏற்பதென்று நீங்களும் எங்கள் கேப்டன் கும்ப்ளேவும் பேசிவைத்திருந்தீர்கள், தெரியும். இருந்தாலும் கங்குலி அவுட் என்று நடுவருக்கு நீங்கள் விரலைத் தூக்கிக் காட்டினீர்களே, அது உங்கள் வேலையா? எழுதும்போதே கோபம் வருகிறது.

அந்தக் கோபத்தோடுதான் அகமதாபாத் ஆட்டத்தைப் பார்க்க உட்கார்ந்தேன். உங்களுக்கு வயது 36. ஒரு வருடத்துக்கு மேல் சதமே இல்லை. இங்கிலாந்திடம் மூன்று ஆஷஸ் தொடர்களைக் கோட்டைவிட்ட கேப்டன் என்றுதான் உங்கள் ஊரிலேயே பேச்சு. இடது கைச் சுண்டுவிரல் உடைந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. எதிர்முனையில் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள், நீங்கள் நின்றீர்கள். 2003இல் அடித்த அடி இல்லை இது. ஒன்று, இரண்டு என்று ஓடி ஓடிச் சேர்த்த ரன். சதம் வந்தபோது அப்பா மட்டும் கை தட்டினார். "என்ன மனுஷன்டா!" என்றார். நான் அவரை முறைத்தேன்.

அப்புறம் அஸ்வின் பந்தில் ரிவர்ஸ் ஸ்வீப் ஆடப்போய் ஜாகீரிடம் கேட்ச். உங்களை வீழ்த்தியது எங்கள் சென்னைப் பையன் என்று துள்ளிக் குதித்தேன். 118 பந்தில் 104 அடித்துவிட்டு நீங்கள் நடந்து போனதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அதுதான் ஆஸ்திரேலியாவின் நிரந்தரக் கேப்டனாக உங்கள் கடைசி ஆட்டம் என்று அப்போது யாருக்குத் தெரியும்? ஐந்தே நாளில் பதவியை விட்டீர்கள்.

அடுத்த வருடம் பெர்த்தில், உங்கள் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸுக்குத் தென்னாப்பிரிக்க வீரர்கள் இரண்டு பக்கமும் நின்று கை தட்டி வரவேற்றார்கள். எதிரணிக்காரர்களுக்கு வந்த மனசு எனக்கு வரவில்லையே என்று அன்று வெட்கமாக இருந்தது. வெறும் எட்டு ரன்னில் நீங்கள் அவுட் ஆனபோது, எனக்கே ஆச்சரியம், கண் கலங்கியது.

நேற்று இரவு அகமதாபாத் இன்னிங்ஸை மறுபடி போட்டு, அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன். சதம் வந்ததும் இரண்டு பேரும் கை தட்டினோம்.

சிட்னிக்கு மட்டும் இன்னும் மனசு ஆறவில்லை, பாண்டிங்.