மேட்டுப் புல்வெளிக்கு இன்னும் ரூ.92,500 வேண்டும்

ஹெத்தையம்மன் துணை.

ஊர்ப் பெரியவர்களுக்கும், கோவை, திருப்பூர், பெங்களூரு என்று பிழைக்கப் போன நம் பிள்ளைகளுக்கும் புல்வெளிக் குழுவின் வணக்கம்.

நம் ஊர் ஹட்டிக்கு மேலே இருக்கும் ஆறு ஏக்கர் மேட்டில் நம் தாத்தாக்கள் எருமை மேய்த்தார்கள். தோடர்கள் தங்கள் கோயில் கூரை வேய அங்கிருந்துதான் புல் அறுத்துப் போவார்கள். ஒரு மரம் கிடையாது, முழங்கால் வரை புல், பள்ளத்தில் சோலை, அதன் ஓரமாக ஊற்று. வெள்ளைக்காரன் கண்ணுக்கு இது வெறும் தரிசு. ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை என்கிற வாட்டில் மரத்தையும் கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸையும் கொண்டுவந்து நீலகிரி முழுக்க நட்டான். அப்புறம் நம்மவர்களும் தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று சீகையை நட்டுக்கொண்டே போனார்கள். வரையாடு மேயப் புல் இல்லாமல் போனது இப்படித்தான். வரையாட்டுக்காக 2022ல் அரசு 25 கோடி ஒதுக்கியது, நல்ல விஷயம்தான். அது நம் மேட்டுக்கு வராது.

நம் மேட்டில் நின்ற பெரிய சீகைகளைப் போன வருடம் வெட்டி முடித்தோம். இந்த ஏப்ரலில் ஊற்று வற்றவில்லை. மரம் போனதாலா, நல்ல மழையாலா என்று சத்தியம் செய்ய மாட்டோம். ஆனால் வெயில் பட்டதும் கீரை விதைத்த மாதிரி சீகைக் கன்று முளைத்துக் கிடக்கிறது. அதன் விதை ஐம்பது வருடம் மண்ணில் கிடந்தாலும் முளைக்கும். மண் ஈரமாக இருக்கும்போது அடியில் பிடித்து இழுத்தால் வேரோடு வரும். மார்கழி உறைபனி விழுந்து மண் இறுகினால் தண்டு ஒடிந்து வேர் உள்ளேயே நின்றுவிடும். அதனால் கார்த்திகைக்குள் முடித்தாக வேண்டும்.

கன்று பிடுங்க 15 பேர், 12 நாள், ஆளுக்கு 600 ரூபாய்: 1,08,000. புல் நாற்று 8,000, ஒன்று 4 ரூபாய்: 32,000. ஜீப், டீ, சாப்பாடு: 14,000. ஆக மொத்தம் 1,54,000. கையில் இருப்பது 61,500.

அந்த 61,500 எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பால் காசில் மாதம் தவறாமல் 50 ரூபாய் தந்த மேல்வீட்டுப் பாட்டி, பனியன் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்து அனுப்பிய ஏழு பையன்கள், உண்டியலை உடைத்துச் சில்லறையாகவே கொண்டுவந்து கொட்டிய ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், தேயிலைக்கு விலையே இல்லாத மாதத்திலும் 1,000 ரூபாய் கொடுத்துவிட்டுப் பெயர் வேண்டாம் என்றவர், எல்லோருக்கும் அம்மன் குறை வைக்க மாட்டாள்.

போன தடவை நோட்டில் தொகை எழுதிவிட்டு இன்னும் தராதவர்கள் 19 பேர். பெயரைப் படிக்கப் போவதில்லை. மார்கழிப் பண்டிகைக்கு எப்படியும் ஊருக்கு வருவீர்கள், ஊற்றுத் தண்ணீரைத்தான் குடிப்பீர்கள்.

பணத்தைப் பொருளாளரிடம் கொடுக்கலாம், கோயில் வாசலில் ஞாயிறு காலையிலும் கட்டலாம். ரசீது அங்கேயே தருவோம். பணம் இல்லாதவர்கள் இரண்டு நாள் வந்து கன்று பிடுங்கினாலும் சரி, கையுறை எங்களிடம் இருக்கிறது.