சென்னை வெயிலில் ஒரு குளிர்நீர்ப் பிராணி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் வளர்க்கத்தக்க புதுமையான பிராணிகள் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையில், ஆக்சலாட்டல் என்னும் நீர்வாழ் பிராணியின் படத்துக்குக் கீழே 'பராமரிப்பு எளிது' என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். நான்கு ஆண்டுகளாக அதை வளர்த்து வருபவன் என்ற முறையிலும், முதலில் வாங்கியதை அறியாமையால் சாகக் கொடுத்தவன் என்ற முறையிலும் அந்த ஒரு வரிக்கு மறுப்பு எழுதுகிறேன்.

மைன்கிராஃப்ட் என்னும் கணினி விளையாட்டில் 2021இல் இந்தப் பிராணி சேர்க்கப்பட்டதிலிருந்து அதைக் கேட்டு அடம்பிடிக்காத பிள்ளைகள் குறைவு. என் மகளும் கேட்டாள். ஒரு பிப்ரவரி மாதத்தில் வண்ணமீன் கடை ஒன்றுக்குப் போனோம். "மீன் மாதிரிதான் சார், சாதாரணத் தண்ணியே போதும்" என்று சொல்லி, சிறிய கண்ணாடித் தொட்டியையும் ஒரு பை வண்ணக் கூழாங்கற்களையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்கள். மார்ச் கடைசியில் தொட்டி நீரின் வெப்பம் 31 டிகிரியைத் தொட்டது. தலையின் இருபுறமும் இறகுபோலப் பின்னோக்கி விரிந்திருக்க வேண்டிய செவுள்கள் முன்பக்கமாக வளைந்தன; வாலின் நுனி கொக்கிபோல் மடங்கியது; செவுள்களில் பஞ்சு ஒட்டியதுபோல் வெண்பூஞ்சை படர்ந்தது. அது விளையாடுகிறது என்று நாங்கள் நினைத்துக் கொண்டிருந்த நாட்களில் அது மூச்சுக்குத் திணறிக் கொண்டிருந்திருக்கிறது. விவரம் தெரிந்த பின் ஐஸ் கட்டிய தண்ணீர் பாட்டில்களை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றி மிதக்க விட்டோம். நீரின் வெப்பம் ஏறுவதும் இறங்குவதுமாக அலைக்கழிந்ததில் அதன் நிலைமை இன்னும் மோசமானது. ஏப்ரல் முதல் வாரத்தில் இறந்துவிட்டது. எல்லோரும் ரசிக்கும் அந்தச் சிரிப்பு அதன் வாயின் அமைப்பே தவிர வேறல்ல. இறந்து கிடந்தபோதும் அது சிரித்தபடியேதான் இருந்தது.

இது மீன் அல்ல. தவளையைப் போல நீர்நில வாழ்வன வகுப்பைச் சேர்ந்த, பல்லி போன்ற உடலமைப்புள்ள சாலமாண்டர் இனம், ஆனால் உருமாறிக் கரையேறாமல் செவுளோடு நீரிலேயே ஆயுளைக் கழிப்பது. இதன் தாயகம் மெக்சிகோ நகரத்தின் தென்பகுதியில் உள்ள சோச்சிமில்கோ ஏரியும் அதன் கால்வாய்களும். அந்தப் பள்ளத்தாக்கு கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில், அதாவது ஏறத்தாழ நம் உதகமண்டலத்தின் உயரத்தில் இருக்கிறது. அங்கே குளிர்ந்த நீரில் பழகிய உடம்புக்கு 16 முதல் 18 டிகிரி வரை ஏற்றது. 24 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. சென்னையில் கோடைக்காலக் குழாய்த் தண்ணீர் எந்தச் சூட்டில் வருகிறது என்பதைத் தங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இங்கே ஆக்சலாட்டல் வளர்ப்பது என்றால் நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியும், மின்வெட்டின்போது அதை ஓட்டுவதற்கான ஏற்பாடும் இருந்தாக வேண்டும். அந்தக் கருவியின் விலை பிராணியின் விலையைப்போல் பல மடங்கு என்பதைக் கடையில் யாரும் முதலில் சொல்வதில்லை.

தொட்டி நீர் பக்குவப்படும் வரை காத்திருப்பது இன்னொரு முக்கியமான விஷயம். கழிவிலிருந்து உண்டாகும் அமோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிரிகள் வடிகட்டியில் குடியேற ஒன்றரை மாதம் வரை ஆகும். அதுவரை பிராணியை வாங்கவே கூடாது. குளோரின் நீக்காத குழாய்த் தண்ணீர் செவுளைப் புண்ணாக்கும். வாயில் அகப்பட்டதை எல்லாம் விழுங்கும் பழக்கம் இருப்பதால், கடைக்காரர் இலவசமாகத் தந்த அந்தக் கூழாங்கல்லே குடலை அடைத்துக் கொன்றுவிடும். கால் போனாலும் மறுபடி முளைக்கும் என்பதைச் சொல்லி இது எதையும் தாங்கும் என்று விற்கிறார்கள். கால் முளைப்பது உண்மை. ஆனால் அமோனியாவில் வெந்த செவுளோடு வெந்நீரில் கிடக்கும் உயிருக்கு அந்தத் திறமையால் பயனில்லை.

'அழியும் இனத்தைக் காப்பாற்றுகிறீர்கள்' என்ற விற்பனைப் பேச்சையும் நான் கேட்டிருக்கிறேன். சோச்சிமில்கோவில் 1998ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 6,000 என்றிருந்த எண்ணிக்கை 2014இல் 40க்கும் கீழே போய்விட்டது உண்மைதான். அதற்குக் காரணம் நகரத்தின் கழிவுநீரும், உணவுக்காகக் கொண்டுவந்து விடப்பட்டு இவற்றின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்னும் கெண்டையும், நாம் ஜிலேபி என்று அழைக்கும் திலாப்பியாவும். வளர்ப்பில் உள்ளவற்றில் பெரும்பாலானவை 1864இல் மெக்சிகோவிலிருந்து பாரிஸுக்குக் கொண்டுபோன 34 பிராணிகளின் வழிவந்தவை. தலைமுறை தலைமுறையாக நெருங்கிய உறவுக்குள்ளேயே பெருகியவை. என் வீட்டுத் தொட்டியில் ஒன்று நலமாக இருப்பதால் அந்தக் கால்வாயில் ஒன்றுகூடக் கூடுவதில்லை.

ஆணும் பெண்ணும் ஒன்றாக இருந்தால் ஒரே ஈட்டில் நூற்றுக்கணக்கான முட்டைகள் இடும். அத்தனை குஞ்சுகளுக்கும் குளிர்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களை எங்கே தேடுவது? பொரிக்க விடாமல் முட்டைகளைத் தொடக்கத்திலேயே உறையவைத்து அப்புறப்படுத்துவதுதான் முறை. வளர்க்க முடியவில்லை என்று ஏரியிலோ குளத்திலோ விடுவது அதைச் சூட்டில் கொல்வதோடு, அதன் நோய்க்கிருமிகளை நம் தவளைகளுக்கும் கொடுப்பதாகும்.

சட்டத்தைப் பற்றியும் அந்தக் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் ஆக்சலாட்டல் இருக்கிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தமும் அதையொட்டி 2024இல் வந்த விதிகளும், இத்தகைய உயிர்களை வைத்திருப்போர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியாகத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. பிறப்பையும் இறப்பையும் கைமாற்றத்தையும் தெரிவிக்க வேண்டும். எனக்கு விற்றவர் ரசீதுகூடத் தரவில்லை.

இப்போது எங்களிடம் இருப்பது, வளர்க்க முடியாமல் ஒருவர் கொடுத்தது. தொட்டியின் அடியில் வெறும் கண்ணாடி. ஒளிந்துகொள்ள ஒரு மண்குழாய். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மண்புழு. ஊருக்குப் போவதென்றால் வெப்பமானியைப் பார்க்கத் தெரிந்த ஒருவரை வீட்டில் விட்டுத்தான் போகிறோம். நன்றாக வளர்த்தால் 10 முதல் 15 ஆண்டுகள் வாழும். கேட்டு வாங்கிய மகள் அதற்குள் படிப்பை முடித்து வேறு ஊருக்குப் போய்விடுவாள், புழு பொறுக்கப் போவது நான்தான்.

மறுபடியும் அந்தப் படத்தை வெளியிடும் சந்தர்ப்பம் வந்தால், அதன் கீழே 'நீர் வெப்பம் 18 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. பதிவு கட்டாயம்' என்று அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை.