பஞ்ச நாட்டில் பத்துப் பழம்

அன்புள்ள முரளி,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகிப் பகடை உருட்டி ஆடும் உன் ரோல்பிளேயிங் விளையாட்டு நூலின் கைப்பிரதியை இரண்டு முறை படித்தேன், இரண்டாம் முறை கையில் பென்சிலோடு. மழை பொய்த்த அந்த நாடு மனதை விட்டுப் போக மறுக்கிறது. கிணற்றுக் காவல் குடும்பங்களும், முறைவைத்துத் தண்ணீர் பிரிக்கும் ஊர்களும் நன்றாக வந்திருக்கின்றன. ஆனால் 128 பக்கத்தில் முதல் 70 முழுக்க விதி, மீதி 58 முழுக்க உலகம் என்று பிரித்துவிட்டாய். ஆடுகிறவர்கள் முதல் பாதியை மட்டும்தான் புரட்டுவார்கள். இரண்டாம் பாதி, ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டரின் தலைக்குள்ளேயே தங்கிவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல், இந்த இரண்டு பாதிகளுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. நீ அடிப்படையாக எடுத்திருப்பது இதே வகை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகள். அதில் குட்பெரி என்ற முதல் நிலை மந்திரம் பத்துப் பழம் தருகிறது. ஒரு பழம் ஒரு ஆளுக்கு ஒரு நாள் உணவு. முதல் லெவல் ட்ரூயிட், அதாவது இயற்கை மந்திரக்காரர், ஒரு நாளில் இதை இரண்டு முறை போடலாம். அதாவது இருபது பேருக்குச் சாப்பாடு. தண்ணீர் வரவழைக்கும் மந்திரமும் முதல் நிலைதான்: ஒரு முறைக்கு 10 கேலன், ஏறக்குறைய 38 லிட்டர். விதிப்படி ஒருவருக்கு நாளுக்கு ஒரு கேலன், வெயில் காலத்தில் இரண்டு. உன் 84ஆம் பக்கத்தில் வரும் கிராமம் தாகத்தால் அழிகிறது. அந்த ஊருக்கு இரண்டு ட்ரூயிட் போனால் கதையே இல்லை. முதல் ஆட்டத்திலேயே யாராவது இதைக் கேட்பார்கள்.

மூன்று வழி இருக்கிறது. மந்திரத்தை எடுத்துவிடலாம், ஆனால் அதைக் கேரக்டர் உருவாக்கும் பக்கத்திலேயே சொல்லிவிடு. ட்ரூயிட்டைத் தேர்ந்து நாலு வாரம் ஆடிய பிறகு சொன்னால் ஏமாற்றியதுபோல் ஆகிவிடும். இல்லையென்றால் மந்திரத்துக்கு விலை வைக்கலாம். இங்கே ஒரு நுணுக்கம்: தேவைப்படும் பொருளுக்கு விலையோ, 'பயன்படுத்தியதும் தீர்ந்துவிடும்' என்ற வரியோ இல்லாவிட்டால், ஃபோகஸை (மந்திரக்கோல் போன்ற கருவியை) வைத்து அந்தப் பொருளே இல்லாமல் மந்திரம் போட விதி அனுமதிக்கிறது. நீ 'அரிய மூலிகை வேண்டும்' என்று மட்டும் எழுதியிருக்கிறாய். அது எதையும் தடுக்காது.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. மந்திரத்தை அப்படியே விட்டு, அது இருக்கும் நாடு எப்படி இருக்கும் என்று யோசி. 2004இல் இதே விளையாட்டுக்கு வந்த எபரான் என்ற உலக நூல் இதைத்தான் செய்தது: சிறு மந்திரங்கள் விதியில் இருக்கின்றன என்றால் தெருவிளக்கிலும் போக்குவரத்திலும் அவை இருந்தாக வேண்டும் என்று உலகத்தையே அதிலிருந்து கட்டியது. உன் நாட்டில் ட்ரூயிட்களை யார் கையில் வைத்திருக்கிறார்கள்? பழத்தின் சக்தி 24 மணி நேரத்தில் போய்விடும், சேர்த்து வைக்க முடியாது. அதனால் களஞ்சியத்தின் மதிப்பு குறையாது; தினமும் ட்ரூயிட் வாசலில் வரிசை நிற்கும். கிணற்றுக் காவல் குடும்பங்கள் ட்ரூயிட்களுக்குப் பெண் கொடுத்துப் பெண் எடுப்பார்கள், அல்லது இரவோடு இரவாக ஊரைவிட்டுத் துரத்துவார்கள். இரண்டில் எது என்பதை நீ முடிவு செய். பஞ்சத்துக்குக் காரணம் வானம் என்பதைவிட மனிதர்கள் என்பது கதைக்கும் வலு.

இதே கண்ணோடு விலைப்பட்டியலைப் பார். மூல விதியிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறாய்: கோதுமை ஒரு பவுண்டு 1 செம்புக் காசு, கூலியாளுக்கு நாளுக்கு 2 வெள்ளிக் காசு. 2 வெள்ளி என்றால் 20 செம்பு, 20 பவுண்டு கோதுமை. விதிப்படி ஒருவருக்கு நாளுக்கு ஒரு பவுண்டு உணவு போதும். ஒரு நாள் கூலியில் இருபது பேர் சாப்பிடும் நாட்டைப் பஞ்ச நாடு என்று யார் நம்புவார்? கோதுமையை 8 செம்பு ஆக்கு, கூலியைத் தொடாதே. இப்போது கூலி இரண்டரை பவுண்டுதான் வாங்கும். நாலு வாய் உள்ள வீட்டில் ஒன்றரை பவுண்டு குறையும். ஒரு மந்திரத்துப் பழங்களின் மதிப்போ 8 வெள்ளி, நாலு நாள் கூலி. உன் பத்துப் பக்க வர்ணனை செய்யாததை இந்த ஒரு வரி செய்யும். ஏனென்றால் விலைப்பட்டியலை எல்லா ஆட்டக்காரரும் படிப்பார்கள்.

அரசன் கொலைக்கும் இதே கதிதான். விஷம் வைத்துக் கொன்று, மூன்றாம் நாள் வாரிசுச் சண்டையைத் தொடங்குகிறாய். ஒன்பதாம் லெவல் கிளெரிக் (தெய்வ மந்திரம் போடும் பூசாரி) ஒருவரும் 500 பொற்காசு மதிப்புள்ள வைரமும் இருந்தால், இறந்து பத்து நாளுக்குள் உயிர்ப்பித்துவிடலாம். அந்த மந்திரம் விஷத்தையும் சேர்த்தே முறிக்கும். ஆனால் தலை இல்லாத உடலிடம் பலிக்காது. ஆகவே கொலையாளிகள் தலையை எடுத்துக்கொண்டு போகட்டும். 'தலை எங்கே' என்பதே உனக்கு ஒரு முழுச் சாகசம், தேடிமுடிக்க ஏழு நாள் கெடுவோடு.

விதியே உலகத்தைச் சொல்லும் நூல்களை மறுபடி எடுத்துப் பார். 1991இல் வந்த டார்க் சன் என்ற பாலைவன உலக நூலில் உலோகம் அரிது, எலும்பு ஆயுதங்கள் உடையும், கேரக்டர்கள் மூன்றாம் லெவலில் தொடங்குவார்கள். அந்த உலகம் எவ்வளவு கொடியது என்பது அங்கேயே புரிந்துவிடும். ஆர்தர் அரசனின் வீரர்களாக ஆடும் 1985இன் பென்ட்ராகனில் கருணை, கொடூரம் போன்ற எதிரெதிர்க் குணங்களின் கூட்டுத்தொகை எப்போதும் 20. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். வீரமரபு பற்றிக் கட்டுரை தேவையே இல்லை, பகடை உருளும்போதே தெரிந்துவிடும்.

அதற்காக எல்லாவற்றுக்கும் புது விதி எழுதாதே. தாகப் புள்ளி, மானப் புள்ளி, புழுதிப் புள்ளி என்று மூன்று கணக்கு வைத்திருக்கிறாய். இரண்டாம் ஆட்டத்தில் புழுதியையும் மூன்றாவதில் மானத்தையும் மறந்துவிடுவார்கள். தாகத்துக்கு ஆறு படிகளில் சோர்வு என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது, அதையே பயன்படுத்து. உன் கற்பனைக்கே உரியதென்று ஒன்றை மட்டும் வைத்துக்கொள். மானத்தை வைத்துக்கொள் என்பேன். தண்ணீர் முறை தவறியவனுக்கு ஊர் என்ன செய்யும் என்பது வேறு எந்த நூலிலும் இருக்காது.

வழியில் எதிர்ப்படுவோர் பட்டியலுக்கு இரண்டு ஆறுமுகப் பகடை போடச் சொல்கிறாய். நாற்பது ஆண்டாக யாரும் பார்த்திராத மணல் டிராகனை 7இல் வைத்திருக்கிறாயே! 36இல் 6 முறை விழும் எண் அது. 2க்கும் 12க்கும் ஒவ்வொரு முறைதான். டிராகனை 12க்கு மாற்று. 6, 7, 8 மூன்றும் சேர்ந்து 36இல் 16. அந்த இடங்களில் தண்ணீர் வண்டி, காலிக் குடத்தோடு நடக்கும் பெண்கள், கிணற்றுக் காவலர் என்ற மூன்றையும் போடு. அந்த நாட்டில் எது அன்றாடம் என்பதை அந்தப் பட்டியலே காட்டிவிடும்.

அச்சுக்கு 16 பக்க ஃபாரம் (மடித்தால் 16 பக்கம் வரும் ஒரு தாள்) என்றால் 128க்கு எட்டு ஃபாரம். முதல் ஃபாரத்தில் உலகம் இரண்டே பக்கம், அடுத்துக் கேரக்டர், விலை. ஊர்களுக்கு எதிரெதிர்ப் பக்கம் இரண்டு வீதம், வரைபடம் இடப்பக்கம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. அதில் கேட்டிருக்கும் நன்றி வாசகத்தை அப்படியே சேர்க்க மறக்காதே.

திருத்தியபின் உன்னைத் தெரியாத கேம் மாஸ்டர் ஒருவரிடம் கொடு. எதையும் விளக்காதே. மூன்று மணி நேர ஆட்டத்தில் எந்தப் பக்கத்தை எத்தனை முறை தேடினார் என்று மட்டும் குறித்துவை. அந்தத் தாளை எனக்கும் ஒரு நகல் அனுப்பு, கிணற்றுக் காவல் அத்தியாயத்தை அதை வைத்துக்கொண்டு மறுபடி படிக்க வேண்டும். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
சேகர்