ஸ்டெம் செல் கொடையாளராகப் பெயர் பதிந்திருக்கும் உங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

இரத்தப் புற்றுநோய் போன்ற நோய் வந்தவர்களுக்கு, எலும்பு மஜ்ஜையில் இரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களைக் கொடுக்கச் சம்மதித்து, ஏதோ ஒரு முகாமில், பஞ்சு சுற்றிய குச்சியைக் கன்னத்தின் உட்புறம் தேய்த்துக் கொடுத்துவிட்டு, படிவத்தில் கையெழுத்துப் போட்டு வந்திருப்பீர்கள். அப்புறம் படிப்பு, வேலை, குடும்பம் என்று நாட்கள் ஓடியிருக்கும். பெயர் கொடுத்ததே பலருக்கு மறந்து போயிருக்கும். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கொடையாளர் பட்டியலில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கடைசிவரை அழைப்பே வராது.

வருகிறவர்களுக்கு அந்த அழைப்பைச் செய்யும் வேலையில் இருப்பவள் நான். "எப்பவோ குடுத்தது மேடம், இப்ப வீட்ல ஒத்துக்க மாட்டாங்க" என்ற பதிலை அடிக்கடி கேட்கிறேன். அப்படிச் சொல்பவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. என்ன கேட்கப்படுகிறது என்பதை யாரும் அவர்களுக்கு நிதானமாகச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்த மடல். நான் கேட்பது ஒன்றே ஒன்று: மறுப்பதாக இருந்தால் முதல் அழைப்பிலேயே மறுத்துவிடுங்கள்; சம்மதித்தால் கடைசிவரை நில்லுங்கள்.

தானம் என்றதும் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். இறந்தபின் நடக்கும் உறுப்பு தானத்தில் நேரம்தான் எஜமான். எடுத்த இதயத்தைச் சுமார் 4 முதல் 6 மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும். சிறுநீரகம் ஒரு நாள்வரை தாங்கும். கருவிழி, தோல், எலும்பு, இதய வால்வு போன்றவை திசு தானம். இவற்றைப் பக்குவப்படுத்தித் திசு வங்கியில் சேமிக்க முடியும். இந்த இரண்டிலும், உயிர் போன பிறகோ மூளைச்சாவுக்குப் பிறகோ, நம் விருப்பத்தைக் குடும்பத்தார் நிறைவேற்றுகிறார்கள். காத்திருப்போர் வரிசை ஒன்று இருக்கும். கிடைத்த உறுப்பு யாருக்குப் பொருந்துமோ அவருக்குப் போகும்.

ஸ்டெம் செல் தானம் நேர்மாறு. இங்கே நோயாளி ஒருவருக்காகப் பட்டியல் முழுவதையும் சலித்துத் தேடி, உங்கள் பெயரில் வந்து நிற்கிறோம். கொடுப்பவர் உயிரோடு, ஆரோக்கியமாக இருக்கிறார். கொடுத்தது சில வாரங்களில் திரும்ப வளர்ந்துவிடுகிறது. முடிவும் முழுக்க உங்களுடையது.

ஏன் இவ்வளவு தேட வேண்டும்? நம் செல்களின் மேற்பரப்பில் எச்.எல்.ஏ எனப்படும் புரதங்கள் இருக்கின்றன. நோய் எதிர்ப்பு மண்டலம் 'இது நான், இது அந்நியம்' என்று பிரித்துப் பார்ப்பது இவற்றை வைத்துத்தான். இவற்றுக்கான மரபணுக்கள் 6ஆம் குரோமோசோமில் உள்ளன. பாதி அப்பாவிடமிருந்து, பாதி அம்மாவிடமிருந்து வருகின்றன. அதனால் உடன்பிறந்தவர் முழுமையாகப் பொருந்த 25 சதவீத வாய்ப்புதான். மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவருக்குப் பொருத்தம் கொஞ்சம் குறைந்தாலும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள் கைகொடுக்கும். ஸ்டெம் செல் மாற்றத்தில் பொருத்தப்படுவதே எதிர்ப்பு மண்டலம்தான். பொருத்தம் தப்பினால், புதிதாக வந்த செல்கள் நோயாளியின் தோலையும் குடலையும் கல்லீரலையும் அந்நியமாகப் பார்த்துத் தாக்கத் தொடங்கிவிடும்.

1974இல் லண்டனில் ஷெர்லி நோலன் என்ற தாய், விஸ்காட்-ஆல்ட்ரிச் என்ற அரிய எதிர்ப்புச் சக்திக் குறைபாட்டோடு பிறந்த தன் மகன் அந்தோணிக்காகக் கொடையாளர் பட்டியல் ஒன்றைத் தொடங்கினார். உறவில்லாதவர்களைப் பதிந்துவைக்கும் முயற்சிகளுக்கு அதுவே முன்னோடி. அந்தோணிக்குப் பொருத்தமானவர் கிடைக்கவே இல்லை. 1979இல், ஏழு வயதில், அவன் இறந்துபோனான். இன்று உலகெங்கும் உள்ள பட்டியல்களில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். அப்படியும் பலருக்குக் கிடைப்பதில்லை. எச்.எல்.ஏ வகைகள் வம்சாவளியை ஒட்டியே அமைகின்றன. பட்டியல்களிலோ ஐரோப்பிய வம்சாவளியினரே அதிகம். மற்ற வம்சாவளியினரும் கலப்புப் பெற்றோருக்குப் பிறந்தவர்களும் தேடும்போது பட்டியல் சட்டென்று சுருங்கிவிடுகிறது.

உங்களை மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. இப்போது பெற்றோரிடமிருந்தோ பிள்ளைகளிடமிருந்தோ பாதிப் பொருத்தத்தோடும் மாற்றம் செய்கிறார்கள். சில சமயம் ஒரே நோயாளிக்காக இரண்டு மூன்று பேரை அழைப்போம். ஆகவே நீங்கள் இல்லாவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எடுத்த எடுப்பில் நான் சொல்ல மாட்டேன். முதல் அழைப்பில் "என்னால் முடியாது" என்றால், அடுத்தவரைத் தேடப் போகிறோம். நஷ்டம் சில நாட்கள். பதிலே சொல்லாமல் இருந்தால் அது வாரங்களாகிறது. இரத்தப் புற்றுநோய் கட்டுக்குள் இருக்கும் இடைவெளியில்தான் மாற்று சிகிச்சை செய்தாக வேண்டும். அந்த இடைவெளி யாருக்காகவும் காத்திருக்காது.

நான் பயப்படுவது, சம்மதித்துவிட்டுக் கடைசியில் விலகுவதை நினைத்துத்தான். அதனால் என்ன ஆகும் என்பதை விவரமாகவே சொல்கிறேன். செல்கள் ஏற்றப்படும் நாளுக்குப் பூஜ்ய நாள் என்று பெயர். அதற்கு முந்தைய நாட்களை மைனஸ் ஏழு, மைனஸ் ஆறு என்று மருத்துவமனையில் எண்ணிக்கொண்டே வருவார்கள். அந்த நாட்களில் நோயாளிக்கு மிக வீரியமான கீமோதெரபி கொடுக்கிறார்கள்; சிலருக்கு உடல் முழுக்கக் கதிர்வீச்சும் உண்டு. அவருடைய எலும்பு மஜ்ஜை கிட்டத்தட்ட முழுதாக அழிக்கப்படுகிறது. வெள்ளை அணுக்கள் விழுந்துவிடும், தட்டணுக்கள் விழுந்துவிடும். வாயெல்லாம் புண், எச்சில் விழுங்கவே வலி. வடிகட்டிய காற்று வரும் தனி அறையில், முகக்கவசம் போட்ட இரண்டொருவரை மட்டுமே பார்த்தபடி கிடப்பார். அந்த நிலையில் திரும்பிப் போக வழி இல்லை. வெளியிலிருந்து செல்கள் வந்தால்தான் அவருக்கு மறுபடி இரத்தம் ஊறும். மைனஸ் மூன்றாம் நாளில் கொடையாளர் "வேண்டாம்" என்றால் நோயாளி இறந்துபோகக்கூடும்.

சட்டப்படி கடைசி நிமிடம்வரை விலகும் உரிமை உங்களுக்கு உண்டு. அதை யாரும் பறிக்க முடியாது, பறிக்கவும் கூடாது. ஆனால் கீமோ தொடங்குமுன் உங்களிடம் இறுதிச் சம்மதம் வாங்குவதே, இதை அறிந்து கையெழுத்துப் போடுகிறீர்கள் என்பதற்காகத்தான். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் அங்கே மருந்து ஏறுகிறது. தயக்கம் இருந்தால் அதற்கு முன்னால் கொட்டிவிடுங்கள். மணிக்கணக்கில் பேசவும் நாங்கள் தயார்.

சரி, உங்கள் உடம்புக்கு என்ன நடக்கும்? பெரும்பாலும் கேட்கப்படுவது இரத்தத்திலிருந்து எடுக்கும் முறைதான். நான்கைந்து நாட்கள் ஜி-சி.எஸ்.எஃப் என்ற ஊசி போடுவார்கள். அது மஜ்ஜையிலிருக்கும் ஸ்டெம் செல்களை இரத்தத்துக்குள் வரவழைக்கும். இந்த நாட்களில் இடுப்பும் முதுகும் வலிக்கும், தலைவலியும் வரலாம். காய்ச்சல் வந்து படுத்த மாதிரி இருக்கும். வலியே இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்புறம் 4 முதல் 6 மணி நேரம் ஒரு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும். ஒரு கையிலிருந்து எடுக்கும் இரத்தம் இயந்திரத்துக்குள் போய், ஸ்டெம் செல்களைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மறு கை வழியாகத் திரும்பும். இரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் மருந்து கால்சியத்தைச் சற்றுக் குறைப்பதால் உதடும் விரல்நுனியும் விறுவிறுக்கும். சொன்னால் கால்சியம் கொடுப்பார்கள். சிலருக்கு இரண்டாம் நாளும் தேவைப்படும்.

சில நோயாளிகளுக்கு மஜ்ஜையே வேண்டும் என்று மருத்துவர் கேட்பார். மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து ஊசி மூலம் உறிஞ்சி எடுப்பார்கள். முதுகுத்தண்டைத் தொடுவதே இல்லை. வீடுகளில் நடக்கும் சண்டையில் பாதி இந்த ஒரு தவறான எண்ணத்தால் வருவது. எழுந்ததும் கீழ்முதுகு அடிபட்டது போல வலிக்கும், சில நாட்களில் தணியும். குழந்தை பெறும் திறனுக்கு இரண்டு முறைகளாலும் பாதிப்பு இல்லை. கர்ப்பமாக இருப்பவர்களிடம் எடுக்க மாட்டோம், அவ்வளவுதான். அபூர்வமான ஆபத்துகள் உண்டு. மயக்க மருந்துக்கே உரியவை ஒரு பக்கம், ஊசியால் வீங்கும் மண்ணீரல் மிக மிக அரிதாகக் கிழிவது இன்னொரு பக்கம். அதனால்தான் நோயாளியின் சிகிச்சைக் குழுவில் இல்லாத வேறொரு மருத்துவர் உங்களைப் பரிசோதிக்கிறார். அவர் "கூடாது" என்றால் கூடாதுதான்.

எடுத்த செல்கள் ஒரு பையில், 2 முதல் 8 டிகிரி குளிரில், சிறு பெட்டிக்குள் பயணம் போகும். சுமந்து செல்பவர் பெட்டியைக் கையைவிட்டு இறக்க மாட்டார். விமான நிலையத்தில் எக்ஸ்ரே கருவிக்குள் விட வேண்டாம் என்று கடிதம் காட்டுவார். பொதுவாக 72 மணி நேரத்துக்குள் அது நோயாளியின் இரத்தக் குழாயில் ஏறியாக வேண்டும். பார்த்தால் சாதாரண இரத்தம் ஏற்றுவது போலத்தான் இருக்கும், அறுவைசிகிச்சை ஏதும் இல்லை. செல்கள் தாமாகவே மஜ்ஜைக்கு வழி கண்டுபிடித்துப் போய் உட்காரும். அப்புறம் தினமும் காலையில் இரத்தப் பரிசோதனை. நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில், மூன்று நாட்கள் தொடர்ந்து 500க்குக் குறையாமல் இருந்தால் செல்கள் வேர் பிடித்துவிட்டன என்று அர்த்தம். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் ஆகும். உங்கள் இரத்த வகை வேறாக இருந்தால், காலப்போக்கில் அவருடைய இரத்த வகையும் உங்களுடையதாக மாறிவிடும். அவர் யார் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டோம். இரு தரப்பும் விரும்பினால், விதிகள் அனுமதிக்கும் இடங்களில், சில ஆண்டுகள் கழித்து அறிமுகம் செய்துவைப்பதுண்டு. சிலருக்கு நோய் திரும்பும்போது உங்கள் வெள்ளை அணுக்களை மறுபடி ஒருமுறை கேட்கவும் நேரலாம். இதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

இதையெல்லாம் வீட்டில் இன்றைக்கே பேசிவிடுங்கள். அழைப்பு வந்த அன்று முதல் முறையாகக் கேள்விப்படும் பெற்றோரும் துணையும் பதறத்தான் செய்வார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. அவர்களுடைய கேள்விகளை எங்களிடம் கொண்டுவாருங்கள். அவர்களையே பேசச் சொன்னாலும் நல்லதுதான்.

கைபேசி எண்ணோ முகவரியோ மாறியிருந்தால் நீங்கள் பதிந்த அமைப்புக்குத் தெரிவியுங்கள். புதிதாக நோய் ஏதும் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். மனம் மாறியிருந்தால் பெயரை எடுத்துவிடச் சொல்லி ஒரு வரி எழுதினால் போதும், யாரும் உங்களைக் குறுக்குக் கேள்வி கேட்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு கொடையாளர் ஒருங்கிணைப்பாளர்