செயலாளர் ஆண்டறிக்கை: வென்டிலேட்டரில் உள்ள குழந்தைகளின் பெற்றோர் சங்கம், குன்னூர்

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். போன வருடம் வந்த அதே முகங்கள்தான்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. தசைச்சிதைவு உள்ள குழந்தைகளுக்கான மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகைக்கு விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. பொங்கல் விழா நடந்தது.

இந்த ஆண்டு நான் கையில் எடுத்தது கரண்ட் பிரச்சினையை. ஆடி மழையில் ஒரு கற்பூரமரம் லைன் மேல் சாய்ந்தால் மணிக்கணக்கில் இருட்டுதான். அதே மரம் ரோட்டை மறித்தால் 108-ம் வந்து சேராது. பர்லியார் பக்கம் மண் சரிந்தால் கோவைக்குக் கோத்தகிரி சுற்றித்தான் போகணும். வென்டிலேட்டர் தன் பேட்டரியில் கொஞ்ச நேரம் தாங்கும். சளி உறிஞ்சும் சக்‌ஷன் மெஷின்? வீடு வீடாகப் போய் இன்வெர்ட்டரைப் பார்த்தேன். கடைக்காரர் சொல்லும் நேரம் நம் மார்கழிக் குளிரில் நிற்பதில்லை. குளிரில் வென்டிலேட்டர் டியூபிலும் தண்ணீர் கோத்துக்கொள்கிறது. அதைக் குழந்தை பக்கம் ஓடவிடாமல் வடிக்கணும்.

அப்புறம், மெஷின் நின்றால் கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பை பயிற்சி. அம்மா குளிக்கப் போன நேரத்திலும் கரண்ட் போகும் என்பதால் பக்கத்து வீட்டாரையும் அழைத்தோம். தோட்ட வேலைக்குப் போகும் ஓர் அக்கா பொம்மையை வைத்துப் பழகினார். முதலில் பதறிப்போய் வேகவேகமாக அமுக்கினார். "மூணு எண்ணி ஒரு தடவை அமுக்குங்க, நெஞ்சு லேசா ஏறினா போதும்" என்று நர்ஸ் சொன்னதும் கை பிடிபட்டது. "கொழுந்து கிள்றதவிட லேசுதான் சார்" என்றார். நம் உறுப்பினர்களில் பலர் மட்டும் கல்யாணம் என்று வரவில்லை. காலண்டரைப் புரட்டிப் பார்த்தேன், அன்று முகூர்த்தமே கிடையாது. ராத்திரியெல்லாம் கண் விழிப்பவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சந்தா கட்டாததற்கு அது காரணமாகாது.

சங்கத்தின் உதிரி சக்‌ஷன் மெஷின் ஒருவர் வீட்டில் இருக்கிறது. அவர்களுக்குப் புது மெஷின் வந்து மாதங்கள் ஆகின்றன. பெயர் சொல்லவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பெரிய பற்றாக்குறை இல்லை. என் பெட்ரோல் பில்களை நான் கொடுக்கவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். இடம் தந்த பள்ளிக்கும், நர்ஸுக்கும், டீ போட்டுத் தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த மழைக்குள், தேவைப்படும் வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு சின்ன ஜெனரேட்டர் வாங்க ஆசை. புகை உள்ளே போகாதபடி வெளியில்தான் ஓட்டணும், அதற்கு நீளமான வயரும் வேண்டும். கொட்டேஷன் என் பையில் இருக்கிறது. செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்றாலும் எனக்கு வருத்தமில்லை, கொட்டேஷனோடு சேர்த்தே தருகிறேன். கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் பக்கம் உட்கார்ந்திருப்பார். வெளியே போக அந்த ஒரு வாசல்தான்.