பட்டாசு சத்தமும் காங்கோவுல இருந்து வந்த பையனும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவுல டர்பன் சாட்ஸ்வர்த்ல இருக்கேன், எங்க அக்கா மவன் ராணுவத்துல காங்கோ போயிட்டு வந்தவன். 2025 ஜனவரியில அங்க கோமாங்கற ஊர் பக்கம் நடந்த சண்டையில நம்ம நாட்டு சிப்பாய்ங்க 14 பேர் செத்தாங்க, பெட்டி வந்துச்சு, கொடி போத்துனாங்க, அதோட பேச்சு நின்னுபோச்சு. உசுரோட திரும்பினவங்கள யாரு கேட்டா?

தீபாவளி அன்னிக்கு பக்கத்து வீட்டுல ஒரு வெடி போட்டதும் இவன் கையில இருந்த முறுக்கு தட்டை கீழ போட்டுட்டு சுவரோரமா குந்திட்டான், வேர்த்து ஊத்துது, பிள்ளைங்க சிரிச்சுதுங்க, அக்கா சிரிக்கல. சொந்தக்காரங்க காத்து கருப்பு, மந்திரிச்சு விடுங்கன்றாங்க. கோயிலுக்கு போங்க, வேணாங்கல, டாக்டர்கிட்டயும் போங்கப்பா! இதுக்கு பிடிஎஸ்டின்னு பேரு, பயங்கரமான அனுபவத்துக்கு அப்புறம் மனசுல வர்ற நோய், 1980லயே டாக்டருங்க புக்ல ஏறிடுச்சு, பேச்சு சிகிச்சை, மாத்திரை எல்லாம் இருக்கு. ஆனா இவன் வாயே தொறக்க மாட்டேங்குறான், மனசு சரியில்லன்னு ஃபைல்ல ஏறுனா அடுத்த தடவை அனுப்ப மாட்டாங்களாம், அந்த அலவன்ஸ் காசு போயிடுமாம். திரும்பி வந்தப்ப ஒரு ஃபார்ம் குடுத்து தூக்கம் வருதான்னு கேட்டிருக்காங்க, வருதுன்னு டிக் பண்ணிட்டு வந்துட்டான். ஆறு மாசம் கழிச்சு மறுபடி கூப்பிட்டு கேளுங்களேன், வீட்டுக்காரங்களையும் சேர்த்து கூப்பிடுங்க, ராத்திரி அவன் எத்தனை மணிக்கு எந்திரிச்சு வாசக்கதவு தாழ்ப்பாளை பாக்குறான்னு எங்களுக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
சாட்ஸ்வர்த் வாசகர் ஒருத்தர்