அரந்தலாவ பஸ்ஸுல ரத்தத்துக்கு முன்னால அந்தப் புள்ளைகள்ற பேர் தெரியணும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்கூல் லீவு விட்டா மட்டக்களப்புச் சனம் வேன் புடிச்சு மஹா ஓயா சுடுதண்ணிக் கிணத்துக்கு போறது வழக்கம்தானே, செங்கலடியில திரும்பி கரடியனாறு புல்லுமலை எண்டு பதுளை ரோட்டால போய் குளிச்சிட்டு, கட்டிக்கொண்டு போன சோத்த அங்கயே அவிழ்த்து சாப்பிட்டிட்டு, பின்னேரம் அம்பாறையச் சுத்தி கல்முனையால வீட்ட வந்து சேருவம். அந்தச் சுத்துலதான், பிக்குமாரக் கொன்ட பஸ்ஸ நினைவிடமா வச்சிருக்கிற அரந்தலாவ இருக்கு. ஆனா நம்மட ஆக்கள் கனபேர் அதுல வேன நிப்பாட்டுறல்ல, அது சிங்கள ஆக்கள்ற இடம் நமக்கென்ன எண்டுட்டு போயிடுவாங்க. இந்த லீவுக்கு நாங்க நிப்பாட்டி இறங்கினம், அதப்பத்தித்தான் எழுதுறன், ஏனெண்டா அந்த நினைவிடத்தப் பத்தி தமிழ்ல கதைச்சா ஒண்டு பிரச்சாரம் எண்டு ஏசுறாங்க, இல்லாட்டி வாயே திறக்கிறல்ல.

தெரியாத இளம் ஆக்களுக்கு சுருக்கமா சொல்றன். 1987 ஜூன் 2ஆம் திகதி, மஹாவாபி விகாரையில இருந்து களனிக்கு யாத்திரை வெளிக்கிட்ட பஸ்ஸ அரந்தலாவயில மறிச்சு இயக்கம், அதாவது புலிகள், வெட்டியும் சுட்டும் கொன்டு போட்டது. 33 பிக்குமார், கூட வந்த சாதாரண ஆக்கள் 4 பேர். பிக்குமார்ல முக்கால்வாசியும் சாமணேரர், அதாவது ஸ்கூல் போற வயசுப் பொடியன்மார். அந்த பஸ்ஸ அப்படியே வச்சு, உள்ளுக்கு சிலை செஞ்சு நினைவிடமாக்கி இருக்காங்க.

இதக் கதைக்க வெளிக்கிட்டா உடன நம்மட பக்கத்துல வாற பதில் எனக்கும் தெரியும். அதே வருசம் ஜனவரி 28 கொக்கட்டிச்சோலையில இறால் பண்ணையில வேலை செஞ்ச சனத்த சுட்டதுக்கு ஆரு பொறுப்பு, மே 26 யாழ்ப்பாணம் வடமராட்சியில ஆமி ஒப்பரேசன் தொடங்கி ஒரு கிழமைதானே, சனம் அங்க செத்துக்கொண்டு இருந்ததே எண்டு கேப்பாங்க. எல்லாம் உண்மைதான், நான் ஒண்டையும் மறுக்கல்ல. ஆனா அந்த பஸ்ஸுல இருந்த பத்துப் பன்ரெண்டு வயசுப் புள்ளைக்கு வடமராட்சி எங்க இருக்கு எண்டே தெரிஞ்சிருக்காது. அதுக்கு மேல ஒரு காரணமும் அந்த பஸ் படிக்கட்டுல ஏறாது.

உள்ளுக்கு போனா சீட்டுல சாஞ்சு கிடக்கிற சின்னச் சின்ன உருவங்கள், காவி உடுப்பு, காயம் எண்டு சிவப்புப் பெயின்ட். தங்கச்சிட மகன், ஏழாம் வகுப்பு படிக்கிறான், என்ட சேட்டப் புடிச்சுக்கொண்டு "மாமா, இத ஆரு செஞ்ச?" எண்டான். "இயக்கம் மனே" எண்டு சொன்னன், பொய் சொல்ல விருப்பமில்ல. "அப்ப நம்மட ஆக்களா?" எண்டு அடுத்த கேள்வி. எங்களுக்கு முன்னால ஒரு சிங்களக் குடும்பம், தாயும் ரெண்டு பொம்புளப் புள்ளைகளும், தமிழ் கேட்ட உடன அந்த மனுசி திரும்பிப் பாத்திட்டு சின்னவள கிட்ட இழுத்து அணைச்சுக்கொண்டா. நான் அவவ குறை சொல்லல்ல. அந்தச் சிலைகளுக்கு நடுவுல நிண்டா ஆருக்கும் அப்படித்தான் வரும், பயமும் கோபமும்தான் முதல்ல வரும். நாங்க துக்கத்தோட போன ஆக்கள், குற்றவாளி மாதிரி தலையக் குனிஞ்சுகொண்டு இறங்கினம்.

என்ட பிரச்சினை இதுலதான். அந்த பஸ் அங்க இருக்கத்தான் வேணும், ஒருத்தரும் அதக் கழட்டக் கூடாது. ஆனா செத்த வீட்டுக்கு போனா நாம காயத்தையா பாக்கிற? என்ன வயசு, எத்தின சகோதரம், படிச்சுக்கொண்டு இருந்த புள்ளையா எண்டுதானே கேக்கிற. அந்தப் புள்ளைகள்ல ஒருத்தன எனக்கு பேர் சொல்லி நினைக்க ஏலாம இருக்கு, ஆனா வாள் வெட்டுற விதம் மட்டும் கண்ணுக்குள்ள நிக்குது. கொன்டவன்ட வேலைதான் ஞாபகம் நிக்குது எண்டா அது செத்தவனுக்கு செய்யிற மரியாதையா?

வேற மாதிரியும் செய்யலாம், அதுக்கு தூரம் போகத் தேவையில்ல. காத்தான்குடியில 1990 ஆகஸ்ட் 3 இரவு, இஷா தொழுகையில நிண்ட நூறு பேருக்கு மேல ரெண்டு பள்ளிவாசலுக்குள்ள சுட்டுக் கொன்டாங்க, அதுவும் இயக்கம்தான். மீரா ஜும்ஆப் பள்ளிச் சுவர்ல வெடி பட்ட ஓட்டைகள மூடாம அப்படியே விட்டிருக்காங்க. என்னோட வேலை செஞ்ச நண்பர் ஒருத்தர் கூட்டிப் போய் காட்டினவர். சிலையுமில்ல சிவப்புப் பெயின்டுமில்ல, அந்தச் சுவருக்கு முன்னாலயே அஞ்சு நேரமும் சனம் தொழுதுகொண்டு இருக்கு. ஓட்டைக்குள்ள விரல் வச்சுப் பாத்தன், விரல் நுனி உள்ளுக்கு போகுது, அது ஒரு ஆள்ற நெஞ்சு மட்டத்துலதான் இருக்கு. எனக்கு அது போதுமா இருந்திச்சு. அந்த இடத்துல என்ன ஒருத்தரும் சந்தேகமா பாக்கவுமில்ல, வாங்க இருங்க எண்டு டீ தந்துதான் அனுப்பினாங்க.

இனி அரசாங்கத்துக்கு சொல்ல வேண்டியது. காத்தான்குடி நடந்து ஒரு மாசத்துக்கு பொறகு, அதே 1990 செப்டம்பர் 9, சத்துருக்கொண்டான், கொக்குவில், பனிச்சையடி, பிள்ளையாரடி எண்டு நாலு ஊர்ச் சனத்த ஆமிக்காரங்க போய்ஸ் டவுன் கேம்புக்கு கூட்டிப் போய் கொன்டாங்க, 180 பேருக்கு மேல, கைக்குழந்தையும் கிழவியும் சேத்து. ஓய்வுபெற்ற நீதிபதி பாலகிட்ணர் தலைமையில ஜனாதிபதி ஆணைக்குழு விசாரிச்சு அறிக்கையும் குடுத்தது, தண்டனை ஒருத்தருக்கும் இல்ல. அங்க நிக்கிற தூபிக்கு முன்னால வருசா வருசம் விளக்கு ஏத்துறது அந்த ஊர்ச் சனம்தான். நாங்க அம்பாறையால திரும்பி வாற வழியில சம்மாந்துறைக்கு பக்கத்துல வீரமுனை, 1990 ஆகஸ்ட் 12 பிள்ளையார் கோயிலுக்குள்ள தஞ்சம் புகுந்திருந்த சனத்த வெட்டினதும் இதே மாதிரி ஊர்ச்சனம் சுமக்கிற துக்கம்தான். அரந்தலாவயில விளக்கு ஏத்தினா பாதுகாப்பு, நம்மட இடத்துல ஏத்தினா சிவில் உடுப்புல ஆள் வந்து போட்டோ எடுத்து, ஆரு ஒழுங்கு செஞ்ச எண்டு விசாரணை. ஒரே மாகாணத்துப் புள்ளைக்கும் புள்ளைக்கும் இப்படி வித்தியாசம் காட்டினா அந்த பஸ்ஸ ஆரு துக்கத்தோட பாப்பான்? போருக்குப் பொறகு அரசாங்கம் வச்ச நல்லிணக்க ஆணைக்குழு 2011லயே இனம் பாக்காம எல்லாருக்கும் சேத்து நினைவு நிகழ்வு வைக்கச் சொன்னது, 2018ல வந்த இழப்பீட்டு அலுவலகச் சட்டத்துலயும் நினைவுச் சின்னம் அமைக்கிறது கூட்டு இழப்பீட்டுக்குள்ள வருது. புதுசா ஒரு சட்டமும் தேவையில்ல.

நான் கேக்கிறது பெரிய விசயமில்ல. அரந்தலாவ வாசல்லயே, பஸ்ஸுக்கு ஏற முதல், 33 பேர்ற பேரும் வயசும் ஊரும் கூடப் போன 4 பேர்ற பேரும் சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூண்டுலயும் பெரிசா இருக்கணும், போட்டோ இருந்தா அதுவும். சின்னப் புள்ளைகள அந்த வெட்டுக்குத்துச் சிலைக்கு கிட்டக் கொண்டு போகாமலே கும்பிட்டுட்டு வர ஒரு இடமும் வேணும். சத்துருக்கொண்டானுக்கும் வீரமுனைக்கும் அதே வசதி, அதே மரியாதை, விளக்கு ஏத்துற சனத்துக்கு கரைச்சல் குடுக்காத உத்தரவாதம்.

நம்மட ஸ்கூல் டீச்சர்மாரிட்டயும் ஒரு வேண்டுகோள். அடுத்த டிரிப்புக்கு பிளான் போடேக்க சுடுதண்ணிக் கிணறு முடிஞ்ச உடன அரந்தலாவயில அரை மணித்தியாலம் இறங்குங்க, வரக்குள்ள காத்தான்குடிப் பள்ளிக்கும் சத்துருக்கொண்டானுக்கும் புள்ளைகள கூட்டிப் போங்க. எல்லாம் அந்த ஒரே சுத்துலதான் இருக்கு, விடிய வெளிக்கிட்டா பொழுது படுறதுக்குள்ள வந்திடலாம், டீசல் காசும் பெரிசாக் கூடாது. பள்ளிவாசலுக்கு முதலே சொல்லி அனுப்பினா அங்க உள்ள ஆக்களே நிண்டு விளங்கப்படுத்துவாங்க.

இப்படிக்கு,
வாசகன், கல்லடி, மட்டக்களப்பு